கிராவல் குழியும் தண்ணீர் டேங்கும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. அக்டோபர் 2 கிராம சபைக்கு முன்னால் எல்லோரும் படித்துவிட வேண்டும் என்பதால் ஒரே மூச்சில் எழுதுகிறேன். இயற்பியல் கொஞ்சம் வரும். பரீட்சை கிடையாது, பயப்பட வேண்டாம்.

வெளியூரில் இருப்பவர்களுக்காக விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஊருக்குக் கிழக்கே இருக்கிற பழைய கிராவல் குழியை மறுபடி திறக்க விண்ணப்பம் போயிருக்கிறது. குத்தகை முடிந்து பல வருடம் சும்மா கிடந்த குழி. இப்போது சுமார் 6 மீட்டர் ஆழம். அதை 9 மீட்டர் வரை கொண்டுபோக வேண்டும் என்று கேட்கிறார்கள். குழியின் மேற்கு விளிம்பிலிருந்து 8 மீட்டரில் நம் 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியின் கால்கள் நிற்கின்றன. தொட்டியை ஒட்டி அங்கன்வாடி. தொட்டிக்கும் விளிம்புக்கும் நடுவில் ஒரு கரண்ட் கம்பம். குழி முதலில் வந்ததா, டேங்க் முதலில் வந்ததா என்று டீக்கடையில் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. குழிதான் முதலில். அதனால் மண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. யார் முதலில் வந்தார்கள் என்று பார்த்துவிட்டு அது சரியப்போவதில்லை.

என்னிடம் வந்தவர்கள் அத்தனை பேரும் கேட்டது ஒரே கேள்வி: "சார், எத்தனை மீட்டர் தள்ளி இருந்தா சேஃப்டி?" விவரம் கேட்கப் போன இடத்திலும் எனக்குக் கிடைத்த பதில், "டிஸ்டன்ஸ் எல்லாம் இருக்கு சார், நீங்க போங்க" என்பதுதான். மேசையில் இருந்த வரைபடத்தை எட்டிப் பார்த்தேன். அதில் தண்ணீர்த் தொட்டியே குறிக்கப்படவில்லை. 12 மீட்டர் உயரத்தில், ஊர் முழுக்கத் தெரிகிற தொட்டி!

என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு விளக்கத்துக்குப் போகிறேன். தூரத்தை மட்டும் கேட்பது பாதிக் கேள்வி. எத்தனை ஆழம், என்ன சரிவு, என்ன மண், மழையில் அந்த மண் என்ன ஆகும் என்பது மீதிக் கேள்வி. நான்கையும் அளந்து, கணக்குப் போட்டு, "இந்தச் சுவர் நிற்கும், பக்கத்துக் கட்டடத்துக்கு ஒன்றும் ஆகாது" என்று காட்ட வேண்டியது தோண்டுகிறவர். தோண்டுவதற்கு முன்னால் காட்ட வேண்டும். சுவரில் விரிசல் விழுந்த பிறகு "குழியால்தான் விழுந்தது" என்று நாம் நிரூபித்துக்கொண்டு நிற்பது தலைகீழ் ஏற்பாடு.

இனி மண்ணைப் பற்றி.

களத்தில் நெல்லைக் கொட்டுகிறோம். எவ்வளவு கொட்டினாலும் குவியல் ஒரே சாய்வில்தான் நிற்கும். மேலே இன்னும் கொட்டினால் பக்கவாட்டில் சரிந்து அடி அகலமாகுமே தவிர, சாய்வு செங்குத்தாகாது. காய்ந்த மணலுக்கும் உதிரிச் சரளைக்கும் அப்படி ஒரு கோணம் உண்டு, ஏறக்குறைய 35 டிகிரி. மணிகளுக்கு நடுவிலுள்ள உராய்வுதான் அந்தக் கோணத்தை முடிவு செய்கிறது.

அப்படியானால் நம் கிராவல் குழியின் சுவர் மட்டும் எப்படிச் செங்குத்தாக நிற்கிறது? நல்ல கேள்வி. சின்ன வயதில் எல்லோரும் ஆற்று மணலில் வீடு கட்டியிருப்போம். காய்ந்த மணலில் கட்டினால் நிற்காது. ஈர மணலில் நிற்கும். மணிகளுக்கு நடுவே இருக்கிற கொஞ்சம் தண்ணீர் ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதே மணல் வீட்டின் மேல் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினால்? கரைந்து உட்கார்ந்துவிடும். நம் செம்மண் கிராவலில் இந்த ஈரப் பிடிப்போடு களிமண்ணின் ஒட்டும் சேர்ந்திருக்கிறது. அதனால்தான் பொக்லைன் வெட்டின சுவர் வெட்டினபடியே நிற்கிறது. ஆனால் ஈரப் பிடிப்பு மழையில் காணாமல் போகும். ஒட்டும் ஊறி இளகும். கோடையில் பார்த்துவிட்டு "பாறை மாதிரி நிக்குது சார்" என்கிறவர்கள், ஐப்பசியில் அங்கே போய் நின்று பார்க்க வேண்டும். (தயவு செய்து போய் நிற்காதீர்கள். பேச்சுக்குச் சொன்னேன்.)

மழை செய்கிற இன்னொரு வேலை இதைவிடப் பெரியது. ஆர்க்கிமிடீஸை ஞாபகம் இருக்கிறதா? தண்ணீரில் மூழ்கின பொருள் எடை இழக்கும். மண்ணின் துளைகளில் தண்ணீர் நிரம்பிவிட்டால் ஒவ்வொரு மணியும் மூழ்கின பொருள்தான். ஒரு கன மீட்டர் நனைந்த கிராவல் ஏறக்குறைய 2 டன். அதில் மணிகள் ஒன்றன்மேல் ஒன்று அழுத்துகிற எடை 1 டன் அளவுக்குக் குறைந்துவிடும். அழுத்தம் பாதியானால் உராய்வும் பாதி. ஆனால் கீழே இழுக்கிற எடை, மண்ணும் தண்ணீரும் சேர்ந்து, முழு 2 டன். பிடிக்கிற கை தளர்ந்துவிட்டது, இழுக்கிற கை தளரவில்லை. 1925இல் வியன்னாவில் வெளிவந்த தன் புத்தகத்தில் கார்ல் டெர்சாகி இந்தக் கருத்தைத் தெளிவாக வைத்தார். இன்றைய மண் பொறியியல் அதன்மேல்தான் நிற்கிறது.

பொறியாளர்கள் இதை ஒரே எண்ணில் சொல்வார்கள். பிடிக்கிற விசையை இழுக்கிற விசையால் வகுத்தால் வருவது பாதுகாப்புக் காரணி. 1 வந்தால் கத்தி முனை. கட்டடம் பக்கத்தில் இருந்தால் 1.5 எதிர்பார்ப்பார்கள். உதிரிச் சரளைச் சரிவுக்குக் கணக்கு ரொம்ப எளிது: மண்ணின் உராய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட்டை, சரிவுக் கோணத்தின் டேன்ஜென்ட்டால் வகுக்க வேண்டும். டேன் 35 என்பது 0.70. டேன் 25 என்பது 0.466. வகுத்தால் 1.5. அதாவது 35 டிகிரி மண்ணை 25 டிகிரி சரிவில் விட்டால்தான் காய்ந்த நிலையில் 1.5 கிடைக்கும். அதே சரிவு முழுக்க ஊறி, தண்ணீர் சரிவோடு கசிய ஆரம்பித்தால் ஏறக்குறைய 0.75. விழும். களிமண் ஒட்டு இருந்தால் எண் கூடும், உண்மைதான். எவ்வளவு கூடும் என்பது மண்ணை எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். கண்ணால் பார்த்துச் சொல்கிறவரை நம்பாதீர்கள், அவர் எத்தனை வருடம் குவாரி நடத்தியவராக இருந்தாலும் சரி.

இப்போது தூரத்துக்கு வருவோம்.

கூலூமை எல்லோருக்கும் தெரியும். மின்னூட்டங்களின் விசை, 1785. ஆனால் அவர் படிப்பால் ராணுவப் பொறியாளர். மார்டினிக் தீவில் கோட்டை கட்டிவிட்டு வந்து, 1773இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் ஒரு கட்டுரை படித்தார். மண் எப்படி ஓர் ஆப்பு வடிவத்தில் பிளந்து முன்னால் தள்ளுகிறது என்ற கணக்கு அதில் இருந்தது. 250 வருடம் ஆகியும் அந்த ஆப்பைத்தான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். மண்ணின் உராய்வுக் கோணம் 30 டிகிரி என்று வையுங்கள். செங்குத்துச் சுவரின் அடியிலிருந்து 60 டிகிரியில் மேல்நோக்கி ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருப்பதுதான் கழன்று வரப்போகிற ஆப்பு.

குழி 6 மீட்டர் என்றால் அந்தக் கோடு விளிம்பிலிருந்து 3.5 மீட்டரில் தரையைத் தொடும். 9 மீட்டர் என்றால் 5.2 மீட்டரில். 15 மீட்டர் என்றால் 8.7 மீட்டரில். குவாரித் திட்டங்களில் பக்கத்துப் பட்டாவுக்கு விடவேண்டிய இடைவெளியாக 7.5 மீட்டர் என்ற எண்ணை அடிக்கடி பார்த்திருப்பீர்கள். ஆழம் குறைவான குழிக்கு அது போதும், ஆழமான குழிக்குப் போதாது. ஆழத்தைச் சொல்லாமல் தூரத்தை மட்டும் சொல்வது, வேகத்தைச் சொல்லாமல் பிரேக் போடுகிற தூரத்தைச் சொல்வது மாதிரி.

இது காய்ந்த மண்ணின் முதல் ஆப்பு மட்டுமே. முதல் ஆப்பு விழுந்த பிறகு புதுச் சுவர் உள்ளே தள்ளி நிற்கும், அடுத்தது பிளக்கும். கடைசியில் சரிவு தன் இயல்பான கோணத்துக்கு வந்த பிறகுதான் ஓயும். அடியிலிருந்து 45 டிகிரியில் கோடு போட்டால் 6 மீட்டர் குழிக்கு 6 மீட்டர், 9 மீட்டர் குழிக்கு 9 மீட்டர். 30 டிகிரியில் போட்டால் 6 மீட்டர் குழிக்கே 10.4 மீட்டர். நம் டேங்கின் கால் 8 மீட்டரில். இப்போதே இரண்டு கோடுகளுக்கும் நடுவில் நிற்கிறது. 9 மீட்டர் தோண்டினால் 45 டிகிரிக் கோட்டுக்கும் உள்ளே வந்துவிடும். இதற்கு எந்த நிபுணரும் வேண்டாம். பத்தாம் வகுப்பு முக்கோணவியலே போதும்.

டேங்கில் தண்ணீர் மட்டும் 30 டன். கான்கிரீட் எடை அதற்கும் மேல். அந்த எடை ஆப்புக்குள் வந்தால் ஆப்பைத் தள்ளுகிற விசையும் கூடும். முழுசாக விழவேண்டும் என்றுகூட இல்லை. ஒரு பக்கத்துக் கால் சில சென்டிமீட்டர் அமுங்கினாலும், அவ்வளவு உயரத்தில் இருக்கிற எடை சாய்ந்த பக்கமே மேலும் அழுத்தும்.

விளிம்புக்கு இணையாக, ஒன்றிரண்டு மீட்டர் உள்ளே தள்ளி, நீளமாக ஒரு வெடிப்பு தெரிந்தால் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். கோடை வெடிப்பு குறுக்கும் நெடுக்குமாகத் தேன்கூடு மாதிரி இருக்கும். இந்த வெடிப்பு விளிம்பைப் பார்த்தபடி ஒரே போக்கில் ஓடும். ஆப்பு கழல ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதில் மழைத்தண்ணீர் நிரம்பினால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். 1 மீட்டர் ஆழ வெடிப்பில் நிற்கிற தண்ணீர், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் அரை டன் விசையோடு ஆப்பைக் குழிப்பக்கம் தள்ளும். 2 மீட்டர் ஆழம் என்றால் 2 டன். ஆழம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. வெடிப்பில் மண்ணைப் போட்டு மூடிவிட்டு "சரி பண்ணியாச்சு" என்பவர்கள் இருக்கிறார்கள். மேலோடு களிமண்ணால் மூடித் தண்ணீர் இறங்காமல் செய்வது நல்லதுதான், ஆனால் அது மருந்து இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

1961ஆம் வருடத்து உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள் கிராவல் மாதிரியான இளகிய மண்ணுக்குத் தெளிவாகவே சொல்கின்றன. சுவரை 45 டிகிரிக்கு மேல் செங்குத்தாக விடக்கூடாது. இல்லையென்றால் படிப்படியாக வெட்ட வேண்டும். ஒரு படி 1.5 மீட்டருக்கு மேல் உயரம் கூடாது, அகலம் உயரத்துக்குக் குறையக்கூடாது. 1.5க்கு 1.5 என்றால் மொத்தச் சரிவு மறுபடி அதே 45 டிகிரிதான், கவனித்தீர்களா? பிறருக்குச் சொந்தமான கட்டடம், பொதுச்சாலை, ரயில்பாதை இவற்றிலிருந்து 45 மீட்டருக்குள் முன் அனுமதி இல்லாமல் வேலை கூடாது என்றும் அதே ஒழுங்குமுறைகளில் இருக்கிறது. நம் மாநில விதிகளில் பொதுக் கட்டடம், சாலை, கால்வாய்க்கு 50 மீட்டர் என்று தனியாக இருக்கிறது. அதையும் அனுமதி பெற்றுத் தளர்த்தலாம்.

ஆனால் 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1952ஆம் வருடத்துச் சுரங்கச் சட்டத்தின் 3ஆம் பிரிவைப் படியுங்கள். கிராவல், செம்மண், சாதா மணல், சாதா களிமண் எடுக்கிற திறந்தவெளிக் குழி 6 மீட்டர் ஆழத்தைத் தாண்டாமல், ஒரு நாளில் 50 பேருக்கு மேல் வேலை செய்யாமல், வெடிமருந்து பயன்படுத்தாமல் இருந்தால், சட்டத்தின் பெரும்பாலான பிரிவுகள் அதற்குப் பொருந்தாமல் இருந்தன! ஒரு பொக்லைன், நாலு டிப்பர், பத்து ஆள். இன்றைக்கு எந்தக் கிராவல் குழியில் 50 பேர் வேலை செய்கிறார்கள்? 6 மீட்டர் என்பது 20 அடி, இரண்டு மாடி வீட்டு உயரம். அந்த உயரச் செங்குத்து மண்சுவருக்குக் கீழே டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்குகிறார். சட்டத்தின் கண்ணில் அது முழுச் சுரங்கம் இல்லை.

நம் குழியின் கதை இந்தக் கோட்டின்மேல் சரியாக உட்கார்ந்திருக்கிறது. போன வாரம் நானும் பழைய மாணவர்கள் இருவரும் குழிக்குள் வண்டிப்பாதை வழியாக இறங்கி, சுவரிலிருந்து 12 மீட்டர் தள்ளி நின்று ஏற்றக்கோணம் அளந்தோம். 21 டிகிரி வந்தது. 12ஐ டேன் 21ஆல் பெருக்கினால் 4.6. கண் உயரம் 1.5ஐக் கூட்டினால் 6.1 மீட்டர். கோணமானியில் ஒரு டிகிரி அப்படி இப்படி இருந்தாலே கால் மீட்டர் மாறும், அதனால் 6ஐத் தாண்டிவிட்டது என்று நான் வாதாட மாட்டேன். சர்வே கருவி வைத்து முறைப்படி அளக்கட்டும். 9 மீட்டர் கேட்கிறார்களே, அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. 6ஐத் தாண்டினால் விலக்கு போயிற்று. 45 டிகிரிச் சரிவு, 1.5 மீட்டர் படி, 45 மீட்டர் தூரம் எல்லாம் வந்துவிடும். ஆழப்படுத்தக் கேட்கிறவரிடம் "அப்போது படிகளை எங்கே வெட்டுவீர்கள்?" என்று யாராவது ஒருவர் சபையில் கேட்க வேண்டும். 9 மீட்டர் ஆழத்துக்கு 45 டிகிரி என்றால் மேலே 9 மீட்டர் பின்னால் வெட்ட வேண்டும். அங்கே டேங்க் நிற்கிறது.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் இதைக் கையாளுகிற முறை எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே கட்டுமான மணல், சரளைக் குழிகளுக்கு அனுமதி கேட்கிறவர், வேலை நடக்கிற இடத்திலிருந்து 200 அடிக்குள் இருக்கிற நிரந்தரக் கட்டுமானம் ஒவ்வொன்றையும் பட்டியல் போட வேண்டும். வீடு, வேலி, கிணறு, குழாய், கம்பம் எல்லாம் வரும். சேதமானால் ஈடு கட்டுகிறேன் என்று அதன் சொந்தக்காரரோடு ஒப்பந்தம் போட வேண்டும். அதற்கு வழியில்லை என்றால், தோண்டுவதால் அந்தக் கட்டுமானத்துக்குச் சேதம் வராது என்று பொறியியல் கணக்கோடு நிரூபிக்க வேண்டும். 200 அடி என்பது 60 மீட்டர் சொச்சம். ஆனால் எனக்குப் பிடித்தது அந்த 60 மீட்டர் இல்லை. 60 மீட்டருக்குள் தோண்டவே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. தோண்டலாம், நிரூபித்துவிட்டுத் தோண்டு என்கிறார்கள். வரைபடத்தில் டேங்கை விட்டுவிட்டு அங்கே ஒரு விண்ணப்பம் உள்ளே போயிருக்காது.

பிரிட்டனும் இந்தப் பாடத்தைக் கசப்பாகக் கற்றுக்கொண்டது. வேல்ஸில் அபர்ஃபான் என்று ஒரு சுரங்க ஊர். மலைமேல் நிலக்கரிக் கழிவைக் குவித்துக்கொண்டே வந்தார்கள், அதுவும் ஊற்று இருக்கிற இடத்தின் மேல். பள்ளிக்குப் பின்னால் கழிவு கொட்டுவதன் ஆபத்தைப் பற்றி உள்ளூர் அதிகாரிகள் 1963இலேயே கடிதம் எழுதினார்கள். 1966 அக்டோபர் 21 காலை, வகுப்பு தொடங்கின நேரத்தில், ஊறின குவியல் சரிந்து பள்ளியின் மேல் இறங்கியது. 144 பேர் இறந்தார்கள். 116 பேர் குழந்தைகள். அது குவியல், நம்முடையது குழி, வேறுவேறுதான். சரிவின் கணக்கு ஒன்றுதான், தண்ணீரின் வேலையும் ஒன்றுதான். அதற்குப் பிறகுதான் 1969இல் அங்கே குவியல்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. 1999இல் வந்த குவாரி ஒழுங்குமுறைகளில், ஆபத்தான சரிவு என்று தெரிந்தால் மண்-பாறை நிபுணரை வைத்து மதிப்பீடு செய்யவேண்டிய பொறுப்பை நடத்துகிறவரிடமே கொடுத்தார்கள். இங்கேயும் 2022 மே மாதம் நெல்லைப் பக்கம் அடைமிதிப்பான்குளத்திலும், 2025 மே மாதம் சிவகங்கை மல்லாக்கோட்டையிலும் கல்குவாரி சரிந்து தொழிலாளர்கள் இறந்ததைச் செய்தியில் பார்த்தோம். பாறைச் சுவரே அப்படி என்றால் மண்சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

உங்களில் மூன்று பேர் டிப்பர் வைத்திருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். தவணை கட்டுகிற கஷ்டமும் தெரியும். "சார் நம்ம பொழப்புல மண்ணைப் போடுறாரு" என்று ஒருவர் சொன்னதாகவும் காதுக்கு வந்தது. தம்பி, கிராவல் வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. என் வீட்டு அஸ்திவாரத்தில் போட்டிருப்பதும் கிராவல்தான். நம் ஊர் ரோடு கிராவல் இல்லாமல் வந்திருக்காது. ஆனால் சரியப்போகிற சுவருக்குப் பக்கத்தில் முதலில் நிற்பது உன் வண்டி. குழியில் வேலை செய்கிறவனுக்கும் டேங்கில் தண்ணீர் பிடிக்கிறவளுக்கும் இந்த விஷயத்தில் நலன் ஒன்றுதான்.

"இத்தனை வருஷமா நிக்குதே" என்பது அடுத்த வாதம். நின்றது, சரி. அத்தனை வருடத்தில் எத்தனை முறை சுவர் முழுக்க ஊறியது? அடியில் யாரும் மேலும் தோண்டவில்லை. டேங்கின் வழிந்தோடும் குழாய் விளிம்புப் பக்கம் திரும்பியிருப்பதைப் பார்த்தீர்களா? இந்த மாதம்தான் பார்த்தேன். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை, தண்ணீர் போக இடம் வேண்டும் என்று குழிப்பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார்கள். அதை நாளைக்கே மேற்குப் பக்கம் மாற்றிவிடலாம். செலவு இரண்டு எல்போவும் கொஞ்சம் பைப்பும்.

இன்னொன்று. மழைக்குப் பிறகு குழியில் தேங்குகிற தண்ணீரை மோட்டார் வைத்து வயலுக்கு இறைக்கிற வழக்கம் இருக்கிறது. தண்ணீர் குழியில் நிற்கும்போது சுவரை வெளியிலிருந்து அது தாங்கிக்கொண்டிருக்கும். ஒரே நாளில் இறைத்துவிட்டால் வெளித்தாங்கல் போய்விடும், சுவருக்குள் ஊறின தண்ணீர் உள்ளேயே இருக்கும். சரிவுகள் விழுகிற நேரங்களில் இதுவும் ஒன்று. இறைத்தால் மெதுவாக, பல நாளில் இறைக்க வேண்டும்.

சரி, முறையான மதிப்பீடு என்றால் என்ன? சுவருக்கும் டேங்குக்கும் நடுவில் துளையிட்டு மண் எடுக்க வேண்டும், குறைந்தது குழியின் அடிமட்டத்துக்கும் கீழே வரை. எந்த ஆழத்தில் எந்த மண், தண்ணீர் மட்டம் எங்கே என்று பதிவு செய்ய வேண்டும். மாதிரியை ஆய்வகத்தில் வெட்டுப் பெட்டியில் வைத்து, காய்ந்த நிலையில் ஒரு முறை, ஊறவைத்து ஒரு முறை, எவ்வளவு விசையில் நழுவுகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு வளைந்த நழுவு பரப்புகளைப் போட்டு, அதைத் துண்டு துண்டாக வெட்டிக் கணக்கிட வேண்டும். 1955இல் பிஷப் கொடுத்த முறை இன்றும் எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. டேங்க் நிரம்பியிருக்கும்போது, மண் ஊறியிருக்கும்போது, குழி கேட்ட ஆழத்துக்கு வந்த பிறகு என்று மோசமான நிலைகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊறாத மண்ணின் எண்ணை வைத்துக் கணக்குப் போட்டுக் கொண்டுவந்தால் அந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிடுங்கள். சிவில் படித்த நம் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இந்தப் பதிவைப் படிப்பார்கள் என்று நினைக்கிறேன். உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் அந்தப் பெட்டி இருந்தது, நீங்களும் ரெகார்டு எழுதியிருக்கிறீர்கள்.

அதுவரை நாமே செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கிற கோணமானியின் நடுப்புள்ளியில் நூல் கட்டி ஒரு நட்டைத் தொங்கவிடுங்கள். நேர் விளிம்பு வழியாகச் சுவர் உச்சியைப் பாருங்கள். நூல் 90இலிருந்து எத்தனை டிகிரி விலகியதோ அதுதான் ஏற்றக்கோணம். விளிம்போர வெடிப்பு தெரிந்தால், வெடிப்புக்கு இருபுறமும் ஆப்படித்து இடைவெளியை வாரம் ஒரு முறை மில்லிமீட்டரில் குறியுங்கள். டேங்க் கால்களிலோ அங்கன்வாடிச் சுவரிலோ மயிரிழை விரிசல் இருந்தால் அதன் குறுக்கே மெல்லிய சிமென்ட் பூச்சு வைத்துத் தேதி எழுதுங்கள். பூச்சு வெடித்தால் சுவர் நகர்கிறது. கம்பம் சாய்கிறதா என்று ஒரே இடத்தில் நின்று மாதம் ஒரு போட்டோ எடுங்கள். சுவரடியில் கசிவு தெரிந்தாலோ, அடி உள்வாங்கிக் குகை மாதிரி ஆகியிருந்தாலோ உடனே சொல்லுங்கள். மேலே ஆப்படிப்பதும் அளப்பதும் மழை இல்லாத நாளில், பெரியவர்கள் இருவர் சேர்ந்து, வெடிப்பின் டேங்க் பக்கத்திலிருந்து மட்டும். வெடிப்பைத் தாண்டி விளிம்புப் பக்கம் காலை வைக்காதீர்கள். கீழே சுவரின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்காவது தள்ளி நில்லுங்கள். பிள்ளைகளை அனுப்பவே கூடாது.

குழியை என்ன செய்வது என்று கேட்டால், மேற்குச் சுவர்ப்பக்கம் மேலே வெட்டிச் சரிவாக்க இடம் இல்லை. அடியில் மண் கொட்டி, அழுத்தி, சரிவாகத் தாங்கல் கொடுப்பதுதான் வழி. விளிம்புக்கு மேல் ஒரு வாய்க்கால் வெட்டி மழைநீரை வேறு பக்கம் திருப்ப வேண்டும். வெட்டிவேர் நடலாமே என்று ஒரு பேரன் எழுதியிருந்தான். நடலாம், மேல்மண் அரிக்காது. ஆனால் ஆறு மீட்டர் ஆழத்தில் நழுவுகிற மண்ணை வேர் பிடிக்காது. கிழக்குப் பக்கம் கட்டடம் ஒன்றும் இல்லை. அங்கே 6 மீட்டருக்குள், சரிவாக வெட்டிக் கிராவல் எடுக்கிறோம், எடுக்கிற மண்ணில் ஒரு பங்கை மேற்குச் சுவரடியில் கொட்டித் தாங்கல் தருகிறோம் என்று அவர்கள் வந்தால், அளந்த கணக்கோடு வந்தால், நானே ஆதரித்துப் பேசுவேன்.

கிராம சபைத் தீர்மானத்துக்கு நான் எழுதி வைத்திருக்கிற வாசகம் இது: "மேற்குச் சுவரிலிருந்து 60 மீட்டருக்குள் உள்ள எல்லாக் கட்டுமானங்களையும் வரைபடத்தில் குறித்து, மண் ஊறிய நிலையிலும் தொட்டி நிரம்பிய நிலையிலும் பாதுகாப்புக் காரணி 1.5க்குக் குறையாது என்று தகுதியுள்ள பொறியாளர் கையெழுத்திட்ட மதிப்பீட்டை விண்ணப்பதாரர் தம் செலவில் ஊராட்சியில் வைக்கும் வரை, ஆழப்படுத்த அனுமதி தரக்கூடாது என்று இந்தச் சபை கேட்டுக்கொள்கிறது." திருத்தம் இருந்தால் கீழே எழுதுங்கள். வக்கீலாக இருக்கிற நம் மாணவிகள் இருவரும் வார்த்தைகளை ஒரு முறை பார்த்துத் தர வேண்டும்.

சபை காலை 11 மணிக்கு. ஊரில் இருப்பவர்கள் 9 மணிக்கே டேங்க் அடிக்கு வந்தால், எல்லோர் முன்னிலையிலும் தூரத்தை ஒரு முறை அளந்து எழுதிக்கொண்டு அப்படியே சபைக்குப் போகலாம். 30 மீட்டர் டேப் என்னிடம் இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், சபைக்கு ஆள் எண்ணிக்கை வேண்டும்.